பனியனுக்குப் பெயர் கொடுத்த பயில்வான்

சிவகாசி கடைவீதியில் ஜவுளிக் கடைக்குப் போய், கை இல்லாத பனியன் வேண்டும் என்று கேட்டால் போதும். கடைப் பையன் சாண்டோ பனியனை எடுத்துப் போடுவான். அச்சாபீசில் மிஷின் ஓட்டுகிறவர், லாரியில் பண்டல் ஏற்றுகிறவர், திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் தாத்தா, எல்லோருக்கும் வெயில் காலத்தில் அதுதான் உடை.

சாண்டோ என்பது கம்பெனியின் பெயர் அல்ல. துணியின் பெயரும் அல்ல. அது ஓர் ஆளின் பெயர். உலகத்தில் யாருக்கும் இவ்வளவு அழகான உடம்பு கிடையாது என்று ஒரு காலத்தில் பேர் வாங்கிய ஆள். மன்னருக்குத் தேகப்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். செத்த பிறகு 70 ஆண்டுகளுக்கு மேல் பெயர் எழுதாத மண்மேட்டுக்கு அடியில் கிடந்தவர்.

இயூஜின் சாண்டோவின் கதை இது.

சிலைகளைப் பார்த்த சிறுவன்

சாண்டோ பிறந்தது 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி. ஊர், பால்டிக் கடல் பக்கம் உள்ள கோனிக்ஸ்பர்க். அப்போது அது ஜெர்மானியர்களின் பிரஷ்ய நாட்டில் இருந்தது. இப்போது ரஷ்யாவுக்குச் சொந்தம். பெயரும் மாறிவிட்டது. கலினின்கிராட் என்கிறார்கள்.

பெற்றோர் வைத்த பெயர் பிரெடரிக் வில்லெம் முல்லர். சாண்டோ என்பது பிறகு மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்.

சிறு வயதில் தாம் நோஞ்சானாக இருந்ததாகச் சாண்டோ பிற்காலத்தில் எழுதி வைத்தார். பத்து வயதில் அப்பாவோடு இத்தாலிக்குப் போனாராம். அங்கே பழைய காலத்து வீரர்களின் கல் சிலைகளைப் பார்த்தாராம். அகன்ற மார்பு, முறுக்கேறிய கை, இறுகிய வயிறு! இப்படிப்பட்ட மனிதர்கள் இப்போது ஏன் இல்லை என்ற யோசனை அன்றைக்கே அவர் மனத்தில் விழுந்துவிட்டதாம்.

இந்தக் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சாண்டோவுக்கு உடம்பை வளர்க்கவும் தெரியும், கதையை வளர்க்கவும் தெரியும். ஆனால் ஒன்று நிச்சயம். கல் சிலை மாதிரி உடம்பு வேண்டும் என்ற ஆசை கடைசி வரை அவரை விடவில்லை.

1885-ல் அவருக்கு வயது 18. பட்டாளத்தில் சேர வேண்டிய கட்டாயம் வந்தது. பையனுக்கு இஷ்டமில்லை. ஊரை விட்டுக் கிளம்பி, சர்க்கஸ்காரர்களோடு சேர்ந்துகொண்டார்.

ஊர் ஊராகச் சுற்றி பெல்ஜியம் நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்கு வந்தபோதுதான் அதிர்ஷ்டம் அடித்தது. அங்கே அட்டிலா என்று ஒரு வாத்தியார் கசரத்துப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். பையனின் உடம்பைப் பார்த்ததுமே சரக்கு உள்ள பையன் என்று கண்டுகொண்டார். கனமான எடைகளைத் தூக்கக் கற்றுக்கொடுத்தார். எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போவது எப்படி, மேடையில் நிற்பது எப்படி, கூட்டத்தை மயக்குவது எப்படி என்று எல்லாம் கற்றுக்கொடுத்தார்.

உடைந்த இயந்திரங்கள்

அந்த நாளில் ஐரோப்பிய நகரங்களின் வீதிகளில் பலம் பார்க்கும் இயந்திரங்கள் இருந்தன. காசைப் போட்டுவிட்டுக் கைப்பிடியை இழுக்க வேண்டும். எவ்வளவு பலம் என்று முள் காட்டும்.

ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒருநாள் காலையில் பார்த்தால், அந்த இயந்திரங்கள் வரிசையாக உடைந்து கிடந்தன. ஒரு கூட்டமே வந்து உடைத்திருக்க வேண்டும் என்று போலீசார் நினைத்தார்கள். காவல் போட்டார்கள். கடைசியில் பிடிபட்டது ஒரே ஓர் ஆள். காசு போட்டு, முறைப்படி இழுத்து, ஒவ்வொன்றாக உடைத்திருந்தார் சாண்டோ! கையில் வேலை இல்லாத சமயம். ஊர் தம்மைப் பற்றிப் பேச வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. இதையும் சாண்டோவேதான் எழுதி வைத்திருக்கிறார்.

லண்டனில் பந்தயம்

1889-ல் லண்டன் மாநகரத்தில் சாம்சன் என்ற பயில்வான் கொடி கட்டிப் பறந்தார். அவருக்கு சைக்ளாப்ஸ் என்று ஒரு சீடன். ராயல் அக்வேரியம் என்ற பெரிய கொட்டகையில் இருவரும் வித்தை காட்டினார்கள். சீடனை ஜெயிக்கிறவர்களுக்கு 100 பவுன், தம்மை ஜெயிக்கிறவர்களுக்கு 500 பவுன் என்று சாம்சன் சவால் விட்டிருந்தார்.

அட்டிலா தமது மாணவனை அழைத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தார்.

மேடை ஏறிய சாண்டோவைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை போல நின்றார். கோட்டைக் கழற்றினார். சிரிப்பு நின்றது.

முதலில் சைக்ளாப்ஸ் தோற்றான். நவம்பர் 2-ஆம் தேதி சாம்சனோடு நேரடிப் போட்டி. கொட்டகை கொள்ளாத கூட்டம். குத்துச்சண்டை விதிகளுக்குப் பெயர் கொடுத்த குவின்ஸ்பரிப் பிரபு நடுவர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்.

கைச் சதையை முறுக்கியே சங்கிலியை அறுப்பது சாம்சனின் பெரிய வித்தை. அந்தச் சங்கிலி அவருடைய கை அளவுக்குச் செய்தது. வேறு யாருக்கும் பொருந்தாது. எதிராளி அதை மாட்டிக்கொள்ளவே முடியாமல் விழிப்பான். இந்தச் சூட்சுமத்தை அட்டிலா முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தார். அதே மாதிரிச் சங்கிலியைச் சாண்டோவின் கை அளவுக்குச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். சாண்டோ மாட்டினார். முறுக்கினார். சங்கிலி தெறித்து விழுந்தது.

500 பவுன் முழுதாகக் கைக்கு வரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் லண்டன் முழுக்க அந்த 22 வயது வாலிபனின் பெயர் இருந்தது.

சதையைப் பார்க்க வந்த கூட்டம்

1893-ல் சாண்டோ அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். சிகாகோ நகரத்தில் அப்போது உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. விவேகானந்தர் சொற்பொழிவு ஆற்றிய அதே சிகாகோ, அதே ஆண்டு.

அங்கே சாண்டோவை வைத்து நிகழ்ச்சி நடத்தியவர் சீக்பீல்டு என்ற இளைஞர். இருவருக்கும் ஒரே வயது. சீக்பீல்டு ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாண்டோ குண்டு தூக்கும்போது ஜனங்கள் கை தட்டுகிறார்கள். சும்மா நின்று சதையை முறுக்கிக் காட்டும்போது மூச்சு விடாமல் பார்க்கிறார்கள்! அன்று முதல் எடை தூக்குவது குறைந்தது. உடம்பைக் காட்டுவது கூடியது. இன்று உலகமெங்கும் நடக்கும் ஆணழகன் போட்டிக்கு விதை அங்கேதான் விழுந்தது.

1894-ல் எடிசன் தமது புதிய சலனப் படக் கருவியில் சாண்டோவைப் படம் பிடித்தார். ஒரு நிமிஷம்கூட ஓடாத படம். அது இப்போதும் இருக்கிறது.

அதே ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு சண்டை என்று விளம்பரம் செய்தார்கள். கூட்டம் குவிந்தது. சிங்கத்தின் வாய்க்குக் கூடு, நகத்துக்கு உறை! அந்தச் சிங்கத்துக்குச் சண்டை போடவே மனமில்லை. சாண்டோ அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினார்கள். சாண்டோவின் வாழ்க்கையில் பெருமை இல்லாத பக்கங்களில் அது ஒன்று.

குமாஸ்தாவுக்கும் பயில்வான் உடம்பு

இதோடு நின்றிருந்தால் சாண்டோ ஒரு சர்க்கஸ் பயில்வானாக மறைந்திருப்பார். இங்கிலாந்துக்குத் திரும்பியதும் வேறு காரியத்தில் இறங்கினார்.

லண்டன் அப்போது புகையும் தொழிற்சாலையும் நிறைந்த நகரம். நாள் முழுதும் நாற்காலியில் குனிந்து எழுதும் குமாஸ்தாக்கள், இருட்டு அறைகளில் வேலை செய்யும் தொழிலாளிகள், சோனிப் பிள்ளைகள். உடம்பு என்பது பிறவியில் வருவது, அதை மாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்த ஜனங்கள். அவர்களைப் பார்த்துத்தான் சாண்டோ தமது பேச்சைத் திருப்பினார். பலம் பிறவிச் சொத்து அல்ல, தினம் கால் மணி நேரம் ஒதுக்கினால் யாருக்கும் வரும் என்றார்.

1897-ல் லண்டனில் தேகப்பயிற்சிக் கூடம் திறந்தார். பலம் பெறும் வழி என்ற பொருளில் ஒரு புத்தகம் எழுதினார். 1898-ல் பத்திரிகை ஆரம்பித்தார். தூரத்து ஊர்க்காரர்களுக்குத் தபால் மூலம் பயிற்சி கொடுத்தார்.

அவர் சொன்ன முறை மிகவும் எளிது. இரண்டு சின்ன டம்பெல். ஒவ்வொன்றும் 5 ராத்தல், அதாவது இரண்டேகால் கிலோ. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. எத்தனை தடவை செய்வது என்பதற்கு வயதுக்குத் தக்க அட்டவணை போட்டுக் கொடுத்தார். கொஞ்சத்தில் ஆரம்பித்து, சில நாளைக்கு ஒரு தடவை வீதம் கூட்ட வேண்டும். கண்ணாடி முன் நின்று செய்தால் நல்லது. எந்தச் சதை வேலை செய்கிறதோ அந்தச் சதையிலேயே மனம் இருக்க வேண்டும். பராக்குப் பார்த்துக்கொண்டு ஆயிரம் தடவை கையை ஆட்டினாலும் பிரயோஜனம் இல்லை. முடிந்ததும் குளிர்ந்த நீரில் குளியல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாண்டோ தமது உடம்பை இரண்டேகால் கிலோ டம்பெல்லால் வளர்க்கவில்லை. அட்டிலாவிடம் பெரும் பெரும் எடைகளைத் தூக்கித்தான் வளர்த்தார். அதைவிட லேசான சரக்கைத் தபாலில் விற்றார். மற்றப் பயில்வான்கள் இதைக் குத்திக் காட்டினார்கள். 1898-ல் ஷெபீல்டு நகரத்தில் ஆர்தர் சாக்சன் என்ற பயில்வான் சாண்டோவின் கண் முன்னாலேயே ஓர் எடையைத் தலைக்கு மேல் தூக்கி நிமிர்ந்தார். சாண்டோவால் அதே எடையோடு நிமிர முடியவில்லை. விவகாரம் கோர்ட்டு வரை போயிற்று.

ஆனாலும் குமாஸ்தாவுக்கு முதல் நாளே இரும்புக் குண்டைக் கொடுத்தால் மறுநாள் வரவே மாட்டார் என்பது சாண்டோவுக்குத் தெரியும். சோனி உடம்புக்காரர் பல்லாயிரம் பேர் அவரால் முதல் தடவையாகக் கையை நீட்டி மடக்கினார்கள். அதற்குமேல் வளர வேண்டுமானால் எடை கூட வேண்டும் என்பதைப் பிறகு வந்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். கபடி ஆடுகிற பையனுக்கும் கால்பந்து ஆடுகிற பையனுக்கும் இன்றைக்கு அதுதான் பாடம். எடை தூக்கினால் உடம்பு இறுகிவிடும், ஓட வராது என்ற பயம் ஆட்டக்காரர்களிடம் வெகுகாலம் இருந்தது. இப்போது எடைப் பயிற்சி இல்லாத பெரிய அணியே கிடையாது.

படம் போட்ட அட்டை, சுவரொட்டி, பத்திரிகை எல்லாம் சாண்டோவின் உருவத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஒரு நல்ல படம் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காலண்டர் அச்சடிக்கும் சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

15,000 பேர் பார்த்த போட்டி

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி. லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபம். 15,000 பேர் கூடியிருந்தார்கள். உடம்பின் அமைப்புக்காக நடந்த முதல் பெரிய போட்டி அது. சாண்டோவே ஏற்பாடு செய்தது.

நின்றவர்கள் தொழில்முறைப் பயில்வான்கள் அல்ல. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பயிற்சி செய்த சாதாரண மனிதர்கள். பல மாவட்டங்களில் வடிகட்டி வந்தவர்கள். கறுப்பு உடை, இடுப்பில் சிறுத்தைத் தோல் என்று வரிசையாக வந்து நின்றார்கள்.

நடுவர்களில் ஒருவர் சிற்பி சார்லஸ் லாஸ். இன்னொருவர் ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளை எழுதிய கானன் டாயில்! டாக்டராக இருந்தவர், சாண்டோவிடம் பயிற்சி பெற்றவர். மூன்றாவது ஆள் சாண்டோ.

சதை பெரிதாக இருந்தால் மட்டும் மார்க் கிடையாது என்பது அந்தப் போட்டியின் விதி. உடம்பு முழுதும் ஒரே சீராக வளர்ந்திருக்கிறதா? தோல் நன்றாக இருக்கிறதா? ஆரோக்கியம் எப்படி? எல்லாவற்றையும் பார்த்தார்கள். கை உலக்கை மாதிரியும் கால் ஈர்க்குச்சி மாதிரியும் இருக்கிறவர் தேற முடியாது. இன்றைய ஆணழகன் போட்டிகளில் சிலவற்றைப் பார்க்கும்போது இந்தப் பழைய விதியே மேலோ என்று தோன்றும்.

நாட்டிங்ஹாம் நகரத்து வில்லியம் மர்ரே முதல் பரிசு பெற்றார். பரிசு, சாண்டோவின் உருவச் சிலை. அந்த மாதிரிச் சிலைதான் 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் பெறுகிறவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது.

இந்தியாவில் சாண்டோ

1904-ல் சாண்டோ உலகச் சுற்றுப்பயணம் கிளம்பினார். தென் ஆப்பிரிக்கா முடித்து இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் அவரைப் பார்க்கப் பெரும் கூட்டம். பிறகு பர்மா, சீனா, ஜப்பான் என்று பயணம் போயிற்று.

நம் நாட்டுக்குத் தேகப்பயிற்சி புதிது அல்ல. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் நம்முடையவை. கர்லாக்கட்டையை இங்கே கண்ட வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகள்தான் அதை இங்கிலாந்துக்கு எடுத்துப்போய்ப் பழக்கினார்கள். தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் இன்றும் கிடக்கிறது. உருண்டையான, வழுக்கும் கல். பிடிக்க இடம் இருக்காது. அதைத் தரையிலிருந்து முழங்காலுக்கும் மார்புக்கும் ஏற்றித் தோளைத் தாண்டிப் பின்னால் போடுகிறவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். பொங்கல் சமயத்தில் இப்போதும் சில ஊர்களில் அந்தப் போட்டி நடக்கிறது.

ஆனால் அந்தக் காலத்தில் படித்த இந்தியர்களின் மனத்தில் ஒரு முள் தைத்திருந்தது. இந்தியர்கள், முக்கியமாக வங்காளிகள், வலுவில்லாதவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் எழுதியும் பேசியும் வந்தார்கள். 1905-ல் வங்காளம் பிரிக்கப்பட்டது. சுதேசி இயக்கம் பொங்கி எழுந்தது. இளைஞர் சங்கங்களில் தேகப்பயிற்சி ஒரு தேசியக் கடமையாயிற்று. அந்த நேரத்தில் வந்த சாண்டோ, பலம் எந்தச் சாதிக்கும் எந்த நாட்டுக்கும் தனிச் சொத்து அல்ல, பயிற்சியால் வருவது என்று மேடையில் காட்டினார். வெள்ளைக்காரர் ஒருவர் காட்டிய பாடத்தை வெள்ளை ஆட்சியை எதிர்த்தவர்களும் படித்துக்கொண்டார்கள்!

ஆந்திரத்தில் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடு மார்பின்மேல் யானையை ஏற்றிக் காட்டி இந்தியச் சாண்டோ என்று பெயர் எடுத்தார். பெங்களூரில் கே. வி. ஐயர் பயிற்சிக்கூடம் நடத்தி நூற்றுக்கணக்கானவர்களை உருவாக்கினார். கல்கத்தாவின் மனோகர் ஐச் 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் பட்டம் பெற்றார்.

தமிழ்நாட்டில் சாண்டோ என்பது பட்டமாகவே ஆகிவிட்டது. உடம்பு கட்டாக இருக்கிற வாலிபனை ஊரே சாண்டோ என்று கூப்பிடும். கோயம்புத்தூரில் 1915-ல் பிறந்த சின்னப்பா தேவர் அப்படித்தான் சாண்டோ சின்னப்பா தேவர் ஆனார். இளமையில் அவர் சம்பாதித்த சொத்து அந்த உடம்பு ஒன்றுதான். அதைக் கொண்டு சினிமாவில் சண்டைக் காட்சிகளில் நுழைந்தார். பிறகு சொந்தமாகப் படக் கம்பெனி நடத்தினார். யானையும் பாம்பும் முருகனும் அவர் படங்களில் நடமாடியதைத் தமிழ்க் குடும்பங்கள் மறக்கவில்லை. 1978-ல் அவர் காலமாகும் வரை சாண்டோ என்ற சொல் அவர் பெயரை விட்டுப் பிரியவில்லை.

பயில்வான்கள் தோள் தெரியப் போட்டுக்கொண்ட கை இல்லாத பனியனுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

சரிந்த மலை

1906-ல் சாண்டோ பிரிட்டிஷ் பிரஜை ஆனார். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தமது தேகப்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார். பட்டாளத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய பையன் அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டார்.

ஆனால் வியாபார ஆசை அவரை விடவில்லை. கோக்கோப் பானம் தயாரித்து விற்றார். அந்த நேரத்தில் 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. பிறப்பால் ஜெர்மானியர் என்பதால் ஜனங்களுக்கு அவர் மேல் இருந்த பிரியம் குறைந்தது. 1916-ல் கோக்கோக் கம்பெனி திவாலாயிற்று.

அதற்குப் பிறகு அவர் பழைய நிலைமைக்கு வரவில்லை. 1922-ல் அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்சின் 'யுலிசிஸ்' நாவல் வெளிவந்தது. அதன் கதாநாயகன் சாண்டோவின் புத்தகத்தை வைத்துக்கொண்டு, விட்டுப்போன பயிற்சியை மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிற ஆள். கதைக்குள் புகுந்துவிட்ட சாண்டோ, நிஜத்தில் மேடையை விட்டுத் தூரப் போயிருந்தார். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுச் சிவகாசி திரும்பினார்கள்.

1925-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி சாண்டோ லண்டனில் இறந்தார். வயது 58. பள்ளத்தில் இறங்கிய மோட்டார் காரைத் தனி ஆளாகத் தூக்கியதால் மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் கதைக்கு ஆதாரம் போதாது; இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய் வீங்கி வெடித்திருக்கலாம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

மனைவி பிளாஞ்ச் அவரைப் புட்னி வேல் இடுகாட்டில் அடக்கம் செய்தார். கல் நாட்டவில்லை. பெயர் எழுதவில்லை. கணவர் மேல் அவருக்குத் தீராத மனத்தாங்கல் இருந்தது. ஊர் ஊராகப் பெண்கள் மொய்த்த மனிதரின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை யூகிக்க அதிகம் சிரமப்பட வேண்டாம். சுவர் சுவராக அச்சான ஒரு பெயர் அவர் படுத்திருந்த இடத்தில் மட்டும் இல்லாமல் போயிற்று.

2002-ல் ஓர் அபிமானி அங்கே முதன்முதலாக அடையாளக் கல் வைத்தார். 2008-ல் சாண்டோவின் வம்சத்தில் வந்த ஒருவர் அந்த இடத்தை விலைக்கு வாங்கி, செதுக்காத இளஞ்சிவப்புப் பாறை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். எடை ஒன்றரை டன். அதில் மேலிருந்து கீழாக ஒரே சொல் வெட்டியிருக்கிறது: சாண்டோ.